மூன்று வரிசைச் செங்கல்

பாயான் லெப்பாஸில் இறங்கும்போது மழை.
சுங்க வரிசையில் பதினேழு பிள்ளைகள்,
பதினேழு மஞ்சள் சட்டைகள்,
ஒன்றிலும் மஞ்சள் மிச்சமில்லை.

அறிவிக்க ஏதும் உண்டா, என்றார் அதிகாரி.
பனைவெல்லம், என்றாள் ஐ லிங்.
ஒன்றுமில்லை, என்றேன் நான்.

கம்போடியாவில்
ஆற்றோரப் பள்ளி ஒன்றுக்குக்
கழிப்பறை கட்டித்தரப் போயிருந்தோம்.
பத்து நாள்.
நான்காம் இரவு
கொசுவலைக்குள் புரண்டு, முடியாமல்
எழுந்து வெளியே வந்தேன்.

மேஸ்திரி சோபால்
பகலெல்லாம் பிள்ளைகள் அடுக்கிய
மூன்று வரிசைச் செங்கல்லை
ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்,
தூங்கும் குழந்தையின் காதிலிருந்து
தோட்டைக் கழற்றுவதுபோல.
காரையைச் சுரண்டினார்.
நூல் பிடித்தார்.
திரும்ப வைத்தார்.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
கைவிளக்கு பிடித்திருந்தார்கள்.
அவர் மகனாக இருக்கும்.
நான் வந்த வழியே போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் சுஹைலா சுவரைத் தடவி
"எவ்ளோ நேரா நிக்குது பாருங்க டீச்சர்" என்று
மலாயில் கத்தினாள்.
சோபால் கட்டைவிரலை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்.
அன்றிலிருந்து அந்த விரல்
எனக்குக் கொஞ்சம் கனக்கிறது.

வருகைக் கூடத்தில்
பெற்றோர்கள், பூங்கொத்து, பதாகை.
ஓர் அப்பா எல்லாருக்கும்
நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வந்திருந்தார்.
என் பையில் இலாகா பாரம்,
'அடைந்த நோக்கங்கள்' என்று ஒரு கட்டம்,
அதற்குக் கீழே ஐந்து கோடு.

நவிந்திரனைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை.
அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை.
என் காரில் ஏற்றிக்கொண்டேன்.
ஜெலுத்தோங் கடலோரச் சாலை முழுக்க
அவன் பேசவில்லை.
மூன்றாவது சிவப்பு விளக்கில்தான்,

"கல்லை நனைச்சுட்டுத்தான் வைக்கணும் டீச்சர்.
காஞ்ச கல்லு
காரையில உள்ள தண்ணிய உறிஞ்சிடும்.
அப்புறம் ஒட்டாது."

யார் சொன்னா?

"சோபால் அண்ணன்."

அவருக்குத்தான் நம்ம மொழி தெரியாதே.

"கையிலயே சொன்னாரு.
ராத்திரி.
நாந்தான் லைட்டு புடிச்சேன்."

பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

"மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க,
பாவம், சந்தோசமா இருக்காங்க."

அடுக்குமாடியில் மின்தூக்கி கெட்டிருந்தது.
நானும் வரட்டுமா என்றதற்குத் தலையாட்டி மறுத்துப்
பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினான்,
சிமெண்டு மூட்டை தூக்கப் பழகிய மாதிரி.
மாடிக்கு மாடி அவன் தலை தெரிந்தது.
ஆறாம் மாடிப் படியில் விளக்கு எரியவில்லை.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.

கொஞ்ச நேரம் இருட்டு.
பிறகு அங்கே
ஒரு கைவிளக்கு நகர்ந்தது.