ஒழுக்கு

கப்பல் பட்டறையை மூடியபோது
எனக்கு நாற்பத்து நான்கு வயது.
கையில் ஒரு கணக்குப் போடும் எந்திரம்.
அதையும் திருப்பிக் கேட்டார்கள்.

ரூசே நகரக் குடிநீர் அலுவலகத்தின் விளம்பரம்:
‘இரவு வேலை. காது நன்றாகக் கேட்க வேண்டும்.’
தொலைபேசியில் புகார் வாங்குகிற வேலையாக்கும் என்று
இருந்த ஒரே நல்ல கோட்டை
இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

பென்கோவா அம்மையார் ஓர் இரும்புக் கம்பியை நீட்டினார்.
ஒரு முனை கூர். மறுமுனையில் பித்தளைக் கிண்ணி.
கூரைத் தெருவில் ஊன்று, கிண்ணியைக் காதில் வை,
குழாய் எங்கே உடைந்திருக்கிறது, சொல்.
சிரிப்பு வந்தது.
சம்பளத்தைச் சொன்னார்.
சிரிப்பு நின்றது.

முதல் வாரம்
என் ரத்தம் ஓடுவதைத்தான் கேட்டேன்.
அடுத்த வாரம், வண்டியோட்டி மெத்தோதி
சூரியகாந்தி விதை கொறிப்பதை.
துப்புவதற்காவது தள்ளிப் போயேன், என்றேன்.
போனான். அப்போதும் கேட்டது.

பிப்ரவரியில், பனி இறுகிய ஒரு ராத்திரி,
ரொட்டிக்கடை வாசலில்,
தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாதே என்று
யாரோ யாரையோ அதட்டுவதுபோல்
உஸ்ஸ்…
மெத்தோதி நீலச் சாயத்தால் வட்டம் போட்டான்.
காலையில் தோண்டியவர்கள்
வட்டத்தின் நட்டநடுவில் தண்ணீரைக் கண்டார்களாம்.
அன்றைய கர்வத்தை எழுத
என் பத்தொன்பது வருஷச் சம்பளப் பட்டியலில்
பத்தியே இருந்ததில்லை.

வார்ப்பிரும்பு தூரத்திலிருந்தே பேசும்.
பிளாஸ்டிக் குழாய் முணுமுணுக்கும், பக்கத்தில் போனால் வாயை மூடிக்கொள்ளும்.
ஈயம் பொய் சொல்லும்: இங்கே கேட்கும், அங்கே ஒழுகும்.
இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை,
முழங்கால் சில்லிட்டுத் தெரிந்துகொண்டது.

ஏப்ரலில் பட்டறைத் தெரு எங்கள் முறைக்கு வந்தது.
பூட்டிய வாயிலுக்கு வெளியே கம்பியை ஊன்றினேன்.
கேட்டது.
சுவரோரமாய் நகர்ந்தேன். கூடியது.
“ராதொஸ்தினாவா?” என்றபடி காவலாளி கதவைத் திறந்துவிட்டான்.
ஒலியைப் பிடித்துக்கொண்டே போய் நின்ற இடம்
என் பழைய மேசை இருந்த அறை.

சுவரில் ஈரம் ஏறும்போதெல்லாம்
டான்யூபைத் திட்டுவோம். ஆறு என்ன செய்யும், பாவம்.
மாதாமாதம் தண்ணீர்க் கட்டணத்தை
‘இதர செலவு’ என்று பதிந்தது இந்தக் கைதான்.
யார் முன்பணம் கேட்டு வருகிறார்கள் என்று
மாடிப்படியில் செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
காலுக்கடியில் பத்தொன்பது வருஷமாய்
பேசிக்கொண்டே இருந்தது
கேட்கவில்லை.

சிரித்தேனா அழுதேனா,
மெத்தோதியைத்தான் கேட்க வேண்டும்.
அவன் விதைப் பொட்டலத்தை நீட்டினான்.

அந்த மாதமே ஒரு வங்கியில் கணக்கர் வேலை வந்தது.
பகல் வேலை, வெந்நீர்க் குழாயில் சூடேறும் அறை.
இரண்டு நாள் யோசித்தேன் என்று
அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.
யோசிக்கவே இல்லை.

இன்னொன்று.
என் பிறந்தநாள் ராத்திரிகளில்
பேசாத ஓர் அழைப்பு வரும்.
அம்மாவின் வீட்டை விற்று, பங்கு பிரித்து,
முகம் திருப்பிக்கொண்ட வருஷத்திலிருந்து.
இரண்டையும் நான் முடிச்சுப் போட்டதில்லை.
“தவறான எண்” என்று வைத்துவிடுவேன்,
பதினோரு தடவை.

இந்த மே மாதம்
கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.
எடுத்தேன். மௌனம்.
பழக்கதோஷம்,
கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து
அதன்மேல் காதை ஊன்றினேன்.

தூரத்தில் ரயில் பெட்டிகள் முட்டி இணைகிற சத்தம்.
அப்படியென்றால் ஜன்னல் திறந்திருக்கிறது.
அதற்கும் கீழே, மூச்சு.
மூச்சு முடிகிற இடத்தில் மெலிதாக ஒரு சீழ்க்கை.
ஒன்பது வயதில் மல்பெரி மரத்திலிருந்து விழுந்து
மூக்குடைந்த பையனுக்கு மட்டும்தான்
அப்படி முடியும்.

“கிராசிமிர்,” என்றேன்,
“ஜன்னலைச் சாத்து. சளி பிடிக்கும்.”

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு
கொக்கி விழும் சத்தம்.

கீழே தெருவில் மெத்தோதி ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.