எட்டு

மே பதினேழாம் தேதி
கோட்டையூர் ஊருணியில் தண்ணீர்
மைனஸ் நான்கு சென்டிமீட்டர்.
திரையில் அப்படித்தான் வந்தது.
செம்புராங்கல் படிக்குக் கீழே, களிமண்ணுக்கும் கீழே
கோடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது
கூச்சமே இல்லாமல்.

சமன்பாட்டின் மேல் குற்றமில்லை.
வெயில் உறிஞ்சுவது, கரை குடிப்பது,
ஆழம் வற்ற வற்றக் கரையின் தாகம் தளர்வது
எல்லாம் அதில் இருந்தது.
நான்தான் வாரத்துக்கு ஓர் எட்டு வைத்தேன்.
திங்களன்று பார்த்த சரிவை நம்பி
அடுத்த திங்கள் வரை கண்ணை மூடி நடந்தால்
கால் எங்கே போய் விழும்?
நடையை அளக்கத் தப்படி என்று சொல் வைத்தவர்கள்
விவரம் தெரிந்தவர்கள்.

எட்டைப் பாதியாக்கினேன். பிழையும் ஏறக்குறையப் பாதியானது.
மறுபடி பாதி.
மறுபடி.
பதினொரு மணிக்குக் காரைக்குடியில் கரண்ட் போனது.
யூ.பி.எஸ். கத்தக் கத்தத்
தாளில் போட்டுப் பார்த்தேன்:
முழு எட்டில் ஒரு பொய், அரை எட்டில் அதில் பாதி.
அரையின் விடையை இரட்டித்து முழுவின் விடையைக் கழித்தால்
பொய்யைப் பொய் தின்றுவிடுகிறது,
மிஞ்சுவது பொடிப்பொய்.
கோர்ட்டில் இது செல்லுமா தெரியாது.
ஊருணியில் செல்லும்.

அதன்பின் ஒவ்வொரு காலையும்
அளவுகோலின் எண்ணிலிருந்து கிளம்பி
ஒருநாள் முன்னே எட்டு வைக்கப் பழகினேன்.
இரண்டு மில்லி பிசகும், சில நாள் மூன்று.
எருமை இறங்கும், காற்று அலையடிக்கும்,
கோலில் பாசி ஏறும். பிசகத்தானே வேண்டும்?
ஞாயிறுகள் மட்டும் பிசகவில்லை.
பதினோரு ஞாயிறு. பதினொன்றும் அரை மில்லிக்குள்.
நோட்டில் பச்சை மையால் வட்டமிட்டு
அன்று டீ குடிக்கப் போனேன், இரண்டு வடை வாங்கினேன்.

படியிறங்கி வரும்போதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது.

சவரிமுத்துவுக்கு என் வயதுதான்.
பஞ்சாயத்து மோட்டார் போடுகிறவர்.
மாதம் எண்ணூறு ரூபாய்க்குத்
தினமும் ஆறரைக்குக் கோலைப் பார்த்து எழுதுகிறவர்.
கேட்டதும் சைக்கிள் செயினைப் பார்த்தார்.
"ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போயிருவேன் மேடம்.
ஆனா சும்மா எழுதல.
வெள்ளிக்கு அஞ்சு மில்லி எறங்குச்சுன்னு வைங்க, சனிக்கு ஏழு.
கூடுனது ரெண்டு. ரெண்டையும் ஏத்துனா ஜாஸ்தியாயிரும்.
அதுல பாதிய ஏத்துனா..."
எட்டு, என்றேன்.
"எட்டு," என்றார்.

இன்றையதில் ஒன்றரை, நேற்றையதில் அரை கழித்து.
பாதிப் பாதியாய் ஓட நேரமில்லாமல்
போன மாதம் நான் நிரலில் மாற்றிப் போட்ட விதி.
அவர் எட்டும் என் எட்டும்
ஒரே செருப்பில் நடந்து வந்து கைகுலுக்கியிருக்கின்றன.
ஊருணி ஒப்புக்கொண்டதாக
நான் பச்சை மையில் எழுதிவைத்திருக்கிறேன்.

பதினொன்றையும் அழித்தேன். வரைபடத்தில் பல் விழுந்த இடங்கள்.

அடுத்த ஞாயிறு ஆறரைக்கு நானே போனேன்.
என் கணக்கு எட்டு.
கோல் காட்டியது பதினொன்று.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன், பதினொன்று.
மூன்று மில்லி அதிகம்.
இந்தப் பரப்புக்கு அது ஏழாயிரத்துச் சொச்சம் லிட்டர்,
ஒரு லாரித் தண்ணீர்.
வடகரையில்
சக்கரத் தடம் இன்னும் ஈரமாக இருந்தது.