பல்லைப் பிடித்துப் பார்த்தல்

பதினோரு நாளாகத் திரையின் மூலையில்
அந்தக் கோப்பு.
இரைச்சல் நீக்கி, 0.7, சோதனைக்கு மட்டும்.
விலை இல்லை. கைப்பேசி எண் கேட்கவில்லை.
அதுதான் முதல் சந்தேகம்.

எல் ஆல்ட்டோவில் சும்மா கிடைப்பது காற்று ஒன்றுதான்.
அதுவும் மூச்சுக்குப் போதாது,
ஒலிவாங்கிக்கு மட்டும் எப்போதும் மிச்சம்.

தொடாதே, என்றான் வில்ஃப்ரெடோ.
ஐந்து மணிச் செய்தி இந்த ஒரே கணினியை நம்பி ஓடுகிறது.
போன வருடம் யாரோ இலவச எழுத்துரு ஒன்றைப் போட்டு
மூன்று நாள் வானொலியே ஊமையாகக் கிடந்ததாம்.
அந்த யாரோ அவன்தான்.

கணக்கு எழுதும் எலியோடோரா தலையைத் தூக்காமல் சொன்னாள்:
நல்லதாக இருந்தால் இந்நேரம்
யாராவது சொல்லியிருப்பார்களே.

அந்த யாராவதைத் தேடிப் பார்த்தேன்.
செய்தவள் யித்கா, ஊர் ஒலோமோட்ஸ்.
கூடவே வந்த குறிப்பில் எழுதியிருக்கிறாள்:
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கிக்கொண்டீர்கள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
உடைந்திருந்தால் உடைந்தது என்றாவது சொல்லுங்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு யாராவது.
என்னோடு பதின்மூன்று.

எனக்கு இன்னொரு கூச்சமும் உண்டு.
தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி?
நிரலில் ஒரு வரி தெரியாதவள் நான்.
சரியில்லை என்று எழுதினால்
நீ எதை அழுத்தினாய் என்று கேட்பாள்.
நான் எதை அழுத்தினேன் என்பது
எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

பன்னிரண்டாம் நாள், விடியற்காலை மூன்றரை.
குளிரில் மை உறைந்த பேனாவை
அக்குளில் வைத்துக்கொண்டு,
செய்தியை இரண்டு இடத்தில் படியெடுத்து,
ஒன்றைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு
அழுத்தினேன்.
இடப்பக்கம் மூன்றாவது பொத்தான்.
(இம்முறை பார்த்து வைத்தேன்.)

போட்டது சத்துர்னினாவின் பேட்டி.
சந்தைத் தெருவில் அடுப்பு வைத்திருப்பவள்.

காற்று போயிருந்தது.
தகரக் கூரை ஓய்ந்து, சிற்றுந்துகள் ஓய்ந்து
அவள் என் காதோரம் வந்து நின்றாள்.
கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

பிறகுதான் உறைத்தது.

எங்கள் அய்மாராவில்
ரொட்டி என்று சொல்லத் தொண்டை வேண்டும்.
மூச்சை அடைத்து, ஈர விறகு தெறிப்பதுபோல் ஒரு வெடிப்பு,
உடனே இன்னொன்று.
தெறித்ததையெல்லாம் இரைச்சல் என்று எண்ணி
மழித்துவிட்டிருந்தது அந்தச் செயலி.
மழித்தபின் மிஞ்சிய சொல்லுக்குக்
கூட்டம் என்று பொருள்.

சத்துர்னினா தூசு தும்பு இல்லாத குரலில் சொல்கிறாள்:
மாவு விலை ஏறியதால் கூட்டம் சிறுத்துப்போச்சு.
கூட்டத்தை இனிமேல் கடனுக்குத் தர முடியாது.
நேற்றைய கூட்டம் என்றால் பாதி விலை.

சிரித்தேன். மறுபடி ஓட்டிக் கேட்டேன்,
அப்போது சிரிக்கவில்லை.
ஒலோமோட்ஸில் எத்தனை இரவு விழித்தாலும்
யித்காவின் காதுக்கு இது எட்டாது.
அங்கே யார் வாயில் இந்த ரொட்டி?

அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதினேன்:
காற்றை எடுத்துவிட்டது. நன்றி.
ரொட்டியையும் எடுத்துவிட்டது.
முன்னும் பின்னும் இரண்டு பதிவும் இணைத்திருக்கிறேன்.
அழுத்தியது, இடப்பக்கம் மூன்றாவது.

அனுப்பு என்னும் சொல்லின் மேல் விரல் நின்றது.
அதற்கும் பதினோரு நாள் ஆகியிருக்கும்.
வில்ஃப்ரெடோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அதிர்ச்சியில்
தானாகப் போய்விட்டது.

ஐந்து மணிக்குச் சத்துர்னினா
காற்றோடுதான் ஒலிபரப்பானாள்.
கூரை படபடத்தது. ரொட்டி ரொட்டியாகவே தெறித்தது.

போட்டுப் பார்த்துவிட்டாயா, வேலை செய்கிறதா, என்றான்.
ஒரு பல் ஆடுகிறது என்றேன்.
காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி
யாருக்கு? என்றான்.