நாலாவது தறியின் போல்ட்

பொதட்டூர்பேட்டையில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்
யாரும் யாரையும் சத்தம் போடாதே என்பதில்லை.
கீழே ஆறு தறி. எதிரே எட்டு.
பின்சந்தில் எத்தனை என்று
மீட்டர் கணக்கெடுக்கும் எனக்கே மறந்துபோகும்.

அதனால்தான் துணிந்தேன்.
புத்தூர் சர்ச்சுக்குப் புது டிரம்ஸ் வந்ததும்
பழைய எலெக்ட்ரானிக் கிட்டை
ஒன்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.
நகரி வழியாக ஷேர் ஆட்டோ.
மடியில் ஹை-ஹாட், காலடியில் கிக் பெடல்.
செக்போஸ்ட்டில் ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு
"ஏமம்மா, சவுண்டே ராலேதே" என்றார்.
கரண்டு வேண்டும் சார், என்றேன்.
மின்வாரியக்காரி வேறென்ன சொல்வாள்.

வாசிக்க அல்ல, விளையாட.
லேப்டாப் திரையில் தடம் தடமாக
இறங்கி வரும் வண்ணக் கட்டிகளை
கோட்டைத் தொடும் கணத்தில் அடிக்க வேண்டும்.
சிவப்பு ஸ்நேர். நீலம் டாம். பச்சை கிராஷ்.
ஆரஞ்சுப் பட்டை வந்தால் கால்.
முப்பத்தெட்டாம் எண் வந்தால் சிவப்பு,
முப்பத்தாறு வந்தால் ஆரஞ்சு என்று
விளையாட்டுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
ஹை-ஹாட்டுக்குத் திறந்தால் ஓர் எண், மூடினால் ஓர் எண்;
இரண்டையும் மஞ்சளில் சேர்க்க
ஒரு ஞாயிறு போயிற்று.

முதல் வாரம் அத்தனையும் மிஸ்.
கை சரி. கேபிள் சரி.
பாட்டு, திரையைவிட
ஐம்பத்தொரு மில்லிசெகண்ட் பிந்தி வந்திருக்கிறது.
அந்த எண்ணைப் போட்டதும்
நாற்பத்தோரு வயதுவரை நான் தவறவிட்டதெல்லாம்
நேராகிவிடுமோ என்று ஓர் அற்ப ஆசை.
பாட்டு மட்டும்தான் நேரானது.

அப்புறம் ஒன்று கவனித்தேன்.
எவ்வளவு ஓங்கி அடித்தாய் என்று அது கேட்பதே இல்லை.
கிட் என் பலத்தை நூற்றிருபத்தேழு படிகளில்
அளந்து அனுப்புகிறது;
விளையாட்டு அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.
பட்டும் படாமல் தொட்டாலும் அதே புள்ளி.
மதியம் பாக்கிக்காரன் ஒருவன்
என் மூஞ்சிக்கு நேரே கேட்டைச் சாத்தினானே,
அதை முழுசாக இறக்கினாலும் அதே புள்ளி.
எப்போது? கேள்வி அது ஒன்றுதான்.
தெரிந்த பிறகும் ஓங்கித்தான் அடிக்கிறேன்.

புதன்கிழமை, பதினொன்றரை.
எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி, ஒன்றும் விடாமல்.
கடைசிச் சுற்று.
ஆரஞ்சு, ஆரஞ்சு, பச்சை,
போயிற்று கரண்டு.

ஊர் மொத்தமும் ஒரே அடியில் நின்றது.
லேப்டாப்பில் பேட்டரி இருந்தது.
கட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன.
கிட் செத்திருந்தது.
என் கால் நிற்கவில்லை.
ரப்பரில் தொப், தொப், தொப்,
திரையில் மிஸ், மிஸ், மிஸ்.
மின்தடையில் எத்தனை வகை என்று தெரிந்தவள்தான்;
அதற்கு இவ்வளவு பெரிய காது இருப்பது தெரியாது.

படியில் டார்ச் வெளிச்சம்.
முனிகிருஷ்ணன், நகரியிலிருந்து
ராத்திரி ஷிப்ட்டுக்கு வருகிறவர்.
கையில் பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.
கிட்டைப் பார்த்தார், என் நைட்டியைப் பார்த்தார்,
அவசரமாக மறுபடி கிட்டைப் பார்த்தார்.
"மேல நீங்கதானா மேடம்!
நாலாவது தறியில போல்ட் லூஸுன்னு
ரெண்டு மாசமா முடுக்கிக்கிட்டு இருக்கேன்."

சிரிக்கலாமா என்று இருவருக்கும் தெரியவில்லை.

கரண்டு வந்தது.
தறிகள் சேர்ந்து கிளம்புவதில்லை.
எதிரே இரண்டு, பின்சந்தில் ஏதோ ஒன்று,
கீழே யாரோ ஐந்தைத் தட்டிவிட,
நாலு மட்டும் முனகிவிட்டு நின்றது.
அவர் இறங்கிப் போனார்.

அந்த போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தும் கிறீச்சு
தளத்தின் வழியே ஏறி
பெடலில் இருந்த என் பாதத்துக்கு வந்தது.
கிளம்பியது நாலு.

நான் பாட்டை முதலிலிருந்து போட்டேன்.