எட்டு யூரோ

ஹயேன் மலையடிவாரத்தில் ஒலிவ் அறுவடை முடிந்த இரவு.
ஃபெர்மினின் மதுக்கடையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.
"நல்லதாப் போச்சு," என்றான்,
"இதைக் குளிரில்தான் குடிக்கணும்."

ஒலிவ் ஊறிய ஜின்.
எலுமிச்சை கேட்டாள் நிக்காசியா.
எலுமிச்சை பிழிந்தால்
இது கோபித்துக்கொண்டு பேசாமலிருந்துவிடும் என்றான்.

உறைபெட்டியில் கிடந்து வெளுத்த கோப்பை.
ஒரே ஒரு பெரிய பனிக்கட்டி.
உள்ளங்கையில் பட்டென்று அறைந்த தைம் கொத்து.
எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொட்டு எண்ணெய்.
கலக்காதே, மிதக்கட்டும்.

முதலில் முகர்ந்தாள்.
அறுத்த புல், தக்காளி இலை,
பிறகு
மூன்று மாதமாய்க் கையுறைக்குள் குடியிருந்து
எந்த சோப்புக்கும் போகாத
அந்த வாசனை.

நாக்கில் உப்பு முந்தியது.
கசப்பு வாசலில் நின்று யோசித்தது.
இனிப்பு வரவேயில்லை.
தொண்டையிறங்கும்போது மிளகாய் ஒரு கீறல்;
அதற்கு மேல் ஒரு வறுத்த பாதாம்.

புட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.
லா உம்ப்ரியா தோட்டம்.
நீள்கோலால் அவள் தட்டி உதிர்த்த
அதே சரிவு, அதே மரங்கள்.

"எவ்வளவு?"
"எட்டு யூரோ."

அங்கே ஒரு மணி நேரத்துக்கு
அவளுக்குக் கொடுத்ததும் அதுதான்.
ஃபெர்மின் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தான்.

அவள் சிரித்துவிட்டாள்.
மிதந்த சொட்டை விரலால் வழித்து
வெடித்திருந்த கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டாள்.
சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே
நாற்காலியை இழுத்துப் போட்டு,
மீதியை
சரியாக ஒரு மணி நேரம்
குடித்தாள்.