வடக்குச் சுவர்

மணியடிக்கிற யோபு டேப்பின் அந்த முனையில்,
நான் இந்த முனையில்.
முள்ளுவிளை பிரஸ்பிட்டேரியன் ஆலயம்:
நீளம் எழுபத்தெட்டடி,
அகலம் முப்பத்தொன்றரை.
விரிவாக்கத்துக்குப் பிளான் வரைய
மூப்பர்மார் கூடிப் பேசி எனக்கு ஒதுக்கிய தொகையை
இங்கே எழுதினால் சிரிப்பீர்கள்.

கூரை எதற்கு இவ்வளவு செங்குத்து?
ஸ்காட்லாந்தில் யாரோ வரைந்த தாள்.
பனி தங்காமல் வழுக்கி விழட்டும் என்று
கோணம் போட்டிருக்கிறார்கள்.
எங்கள் ஆட்கள் அதைப்
பனை என்று வாசித்துவிட்டார்கள் போல.
கைமரம் பனை. வரிச்சல் பனை.
சுண்ணாம்போடு கடுக்காயும் சேர்த்து அரைத்த
கருப்பட்டியும் பனை.
அத்தனை இடவப்பாதியும் அத்தனை துலாவர்ஷமும்
அந்த ஓட்டில் வழுக்கி விழுந்தாயிற்று.
பனி இன்னும் வந்து சேரவில்லை.

தூண் தலைப்பில் திராட்சைக் கொடி கேட்டாராம்
மெக்காலன் ஐயர்.
மயிலாடிக் கல்தச்சன் குமரன் ஆசாரி
திராட்சையைக் கண்டதில்லை,
நல்லமிளகைக் கண்டிருக்கிறான்.
ஏழு தூணில் மிளகு சரம்சரமாய்த் தொங்குகிறது.
எட்டாவதில் மட்டும் ஐயர் பக்கத்தில் நின்று
சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்,
அது எதைப் போலவும் இல்லை.

சொரூபம் கிடையாது, படம் கிடையாது.
அயனி மரத்தில் ஒரு பிரசங்க மேடை, நட்ட நடுவில்.
வசனத்துக்கு மட்டுந்தான் இங்கே உயரம்.

தெற்குச் சுவர் இரண்டடி நாலங்குலம்.
வடக்குச் சுவர் இரண்டடி ஒன்பது.
‘திரும்பப் பிடியும் அண்ணாச்சி.’
பிடித்தார்.
இரண்டடி ஒன்பது.
ஜன்னல் ஜன்னலாய்ப் போனோம்,
ஐந்தங்குலம் கூடவே வந்தது.
‘கொத்தன் பிழை’ என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

மதியம் இரும்புப் பெட்டியைத் திறந்து தந்தார்கள்.
செல்லரித்தது போக மிஞ்சிய கணக்கு:
பிடியரிசி வகையில் வரவு,
கருப்பட்டி சுமந்த பெண்டுகளுக்குக் கஞ்சி வகையில் செலவு,
பிறகு,
கொல்லம் 1034 தனு 18:
‘கல் சுமந்த ஞானாபரணத்தின் குப்பாயம்
சந்தையில் வைத்துக் கிழிக்கப்பட்டது.
ராத்திரி, ஆளுயரம் வந்திருந்த வடக்குச் சுவர்
தள்ளப்பட்டது.’
மகரம் 6:
‘வாணம் மறுபடி தோண்டியது.
கல் கூடுதல், வண்டி ஒன்பது.
சுமட்டுக்கூலி ஞானாபரணம் வகையில் இல்லை,
வேண்டாம் என்றாள்.’

கூடுதல் கல் எதற்கென்று எழுதவில்லை.
எழுதினவருக்கு அது தெரியும்,
வாசிக்கிறவருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

வடக்கே ரோடு.
கம்போடு வந்தவர்கள் வந்த வழி.
இப்போது தக்கலை பஸ் ஹாரனடித்துப் போகிறது,
ஜன்னலில் ஒரு குழந்தை வாழைப்பழம் தின்கிறது.

தெற்கே கல்லறைத் தோட்டம், தொட முடியாது.
கிழக்கே ஓடை.
விரிவாக்கம் என்றால் இடிக்கிற சுவர்
இதுதான்.

பிளானில் ‘கனம்’ என்று ஒரு கட்டம் உண்டு.
ஞாயிறுதோறும் கனமும் மகிமையும் என்று சொல்லிவிட்டுத்
திங்கட்கிழமை அதில் அங்குலம் எழுதுகிறவள் நான்.
‘கொத்தன் பிழை’யை ரப்பரால் தேய்த்தேன்.
தடம் போகவில்லை.
கனம்: இரண்டடி ஒன்பது.
அடுத்த கோட்டை எங்கே தொடங்குவதென்று
இன்னும் பிடிபடவில்லை.

டேப் சர்ரென்று கூட்டுக்குள் ஓடியது.
யோபு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
சுவரில் முதுகைச் சாய்த்தார்.
சித்திரை வெயில், மணி இரண்டே கால்.
‘தொட்டுப் பாருங்கம்மா,
நல்ல தணுப்பு.’