வால்பட்டை

இபாதானில் ஹர்மட்டான் காற்றின் மாதம்.
நுண்ணோக்கியின் மேல் விரலால் பெயர் எழுதலாம்,
அவ்வளவு புழுதி.

இருபத்துநான்கு எலிகள்.
எட்டு வாரமாக உப்புத் தண்ணீர் குடித்து
ரத்தம் ஏறிப்போனவை.
எட்டுக்குத் தினமும் குழாய் வழியே வெறும் நீர்.
எட்டுக்கு மருந்துக்கடை மாத்திரை, பொடித்து.
எட்டுக்குப் புளிச்சைப் பூவின் சிவப்புச் சாறு.
போடிஜா சந்தையில் சோபோ என்று
பழைய தண்ணீர் பாட்டிலில் விற்பார்களே, அதுதான்,
சர்க்கரையும் இஞ்சியும் இல்லாமல்.

அளக்கும் விதம் இது:
எலியைக் குழலுக்குள் நுழையவிட்டு
வாலை மட்டும் வெளியே எடுத்து
விளக்கில் சூடு காட்டி
மோதிரம்போல ஒரு பட்டை மாட்டிக் காற்றேற்றினால்
நாடி நின்றுவிடும்.
மெல்லக் காற்றை இறக்க
எந்த இடத்தில் திரும்பத் துடிக்கிறதோ
அதுதான் எண்.
எலி பயந்திருந்தால் அது எண்ணே அல்ல.

ஃபலிலத் அம்மையார் பத்தொன்பது வருடமாக எலி பிடிக்கிறார்.
பாடமாட்டார். கொஞ்சமாட்டார்.
வயிற்றோடு அணைத்து, உள்ளங்கையால் அதன் கண்ணை மூடி
யோருபாவில் சீட்டுக் கணக்குச் சொல்வார்:
இந்த வாரம் யார் கட்டவில்லை,
போன வாரம் யார் பொய் சொன்னாள்,
அடுத்த முறை யாருக்கு விழ வேண்டும்.
அது முடிவதற்குள் எலி தளர்ந்துவிடும்.

நான்காம் வாரம் எண்கள் இறங்கின.
எல்லா எண்களும்.
வெறும் நீர் குடித்தவையும்.

பேராசிரியர் ஒலாசுபோ கண்ணாடியைக் கழற்றினார்.
"தண்ணீர் எப்போதிலிருந்து மருந்து?"
பட்டையில் ஓட்டை தேடினோம், இல்லை.
பாதரசத்தோடு ஒப்பிட்டோம், சரி.
ஜெனரேட்டர் டீசலுக்கே பணம் முடிந்த பிறகு
புதுக் கருவி என்று யார் வாய் திறப்பது.

பிறகு தங்கை மகளின் பெயர்சூட்டுக்கு
அம்மையார் ஒக்போமோஷோ போனார்.
ஒன்பது நாள் நான் அளந்தேன்.
நூற்று அறுபத்தெட்டு.
நூற்று எழுபத்தைந்து.
மாத்திரை விழுங்கியதும் நூற்றெழுபது.
மூன்றாம் கூண்டின் காது கிழிந்த ஆண்,
நேற்றுவரை சாது,
என் கட்டைவிரலைக் கடித்து
நூற்றுத் தொண்ணூற்றொன்று காட்டியது.

ஏழாம் நாள் மின்சாரம் போனது.
இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்
மனிதருக்கான பட்டையை எடுத்து என் கையில் சுற்றி
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
நூற்று ஐம்பத்திரண்டு. கீழே தொண்ணூற்றெட்டு.
எனக்கு வயது முப்பத்தொன்று.
ஆய்வேட்டுக் கெடு இருபது நாள்,
கனடாவிலிருந்து இன்னும் கடிதம் இல்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
அன்று நூடுல்ஸில் மசாலாப் பொட்டலத்தைப் போடாமல் தின்றேன்,
ஏதோ அதுவே சிகிச்சை என்பதுபோல.

அம்மையார் திரும்பி வந்தார்.
என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்,
என் கட்டைவிரல் கட்டைப் பார்த்தார்.
"உன் கை வேறெங்கோ போகிற கை," என்றார்.
குழாயைத் திறந்து
முழங்கை வரை கழுவப் போய்விட்டார்.

கடைசி நாள் இதயங்களை எடை போட்டோம்.
யார் கை தொட்டது என்று இதயத்துக்குத் தெரியாது;
எட்டு வார உப்பு மட்டும் அதில் இருந்தது.
நீர் குடித்தவற்றின் இடது சுவர் தடித்து,
மாத்திரை தின்றவற்றில் மெலிந்து,
பூச்சாறு இரண்டுக்கும் நடுவே எங்கோ.
ஆக, பூ ஏதோ செய்திருக்கிறது.
பேராசிரியர் தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தார்.
அதே எடை. சிரித்தார்.

அதற்கு முன் அவற்றைப் பிடித்துத் தந்தது அம்மையார்தான்.
அன்றைக்கும் கண்ணை மூடினார்,
எலியின் கண்ணை.
சீட்டுக் கணக்கு மட்டும் சொல்லவில்லை.

கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுதினேன்:
'அளவீடுகள் அனைத்தும் ஒரே நபரால் எடுக்கப்பட்டன;
ஒன்பது நாள் அளவுகள் விலக்கப்பட்டன.'
பெயர் கேட்கும் இடம் அதில் இல்லை.

விலக்கிய ஒன்பது நாளும் என்னிடம் இருக்கின்றன,
பச்சை அட்டை நோட்டில்.
இருபத்துநான்கு வரிசை நீல மையில்.
ஏழாம் நாளின் ஓரத்தில்
இருபத்தைந்தாவதாக, பென்சிலில்,
152/98.